வெளிறிய திட்டுக்குக் கீழே: நாபா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை வானத்திலிருந்து படித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் திட்டுத் திட்டாகச் செத்துக்கொண்டிருந்தன. முதலில் ஒரு கொடி கொஞ்சம் சோர்ந்து தெரியும். அடுத்த ஆண்டு அதன் தளிர்கள் குட்டையாகும், பக்கத்துக் கொடிகளும் சோர ஆரம்பிக்கும். காகிதத்தில் விழுந்த எண்ணெய்த் துளி ஊறிப் பரவுவது மாதிரி அந்த வட்டம் ஆண்டுக்கு ஆண்டு அகலும். தோண்டி வேரை எடுத்துப் பார்த்தால் ஆங்காங்கே வீங்கிய முடிச்சுகள். அவற்றின் மேல் மஞ்சள் பொடி தூவியது போலச் சின்னஞ்சிறு பூச்சிகள் அப்பிக் கிடக்கும். ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் அது.

இந்தப் பூச்சியின் சொந்த இடம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. 1860களில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து பிரான்ஸின் தோட்டங்களைச் சூறையாடியது. மருந்து எதுவும் அதை அடக்கவில்லை. அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் கடைசியில் தப்பித்தார்கள். நாபாவில் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவலாக நட்டது ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடி, அதாவது மேலே வேறு ரகத்தை ஒட்டுக்கட்ட அடியில் வேராக வைக்கும் கொடி. நன்றாக விளையும், பலவகை மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் பெற்றோரில் ஒன்றுதான் அமெரிக்கக் கொடி. மற்றொன்று அராமோன் என்ற ஐரோப்பிய ரகம். அதனால் வேர்ப்பேனை எதிர்க்கும் சக்தி அரைகுறையாகத்தான் இருந்தது. 1980களில் அந்த எதிர்ப்பைத் தாண்டிவிடும் வேர்ப்பேன் வகை ஒன்று நாபாவில் தென்பட்டது. அதன்பிறகு பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டியதாகிவிட்டது.

எல்லாத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் பிடுங்க யாராலும் முடியாது. புதுக்கன்று நட்டால் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளாவது ஆகும். இந்த ஆண்டு எந்தத் தொகுதியை (ஒன்றாக நட்டுப் பராமரிக்கும் தோட்டத் துண்டை) எடுப்பது, எதை இன்னும் இரண்டு அறுவடைக்கு விட்டுவைக்கலாம்? தோட்டக்காரருக்குத் தூக்கம் கெட்டது இந்தக் கேள்வியால்தான். வரிசை வரிசையாக நடந்து பார்த்துச் சொல்லலாம். ஆனால் ஆள் உயரத்துக்குக் கம்பியில் ஏறி நிற்கும் கொடிகளுக்கு நடுவே நடக்கும்போது இரண்டு பக்கமும் இலைச்சுவர்தான் தெரியும். திட்டின் உருவம் கீழே நிற்பவர் கண்ணில் படாது.

அங்கேதான் 1993இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ராபர்ட் மொண்டாவி ஒயின் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 'கிரேப்ஸ்' என்று பெயரிட்ட திட்டத்தைத் தொடங்கின. தோட்டங்களின் மேல் விமானத்தைப் பறக்கவிட்டு, பல அலைநீளங்களில் படம் எடுத்து, வேர்ப்பேன் தாக்குதலைச் சீக்கிரமாகவே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது நோக்கம். அந்தத் திட்டமும் அதிலிருந்து கிளைத்த 'கிரஷ்' என்ற அடுத்த திட்டமும்தான் இந்த ஆய்வின் மையம். எதைத் தேடப் போனார்களோ அதைவிடப் பயனுள்ள ஒன்றை அவர்கள் எடுத்து வந்தார்கள் என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள, அந்தப் படம் உண்மையில் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் அளப்பது என்ன?

நல்ல திராட்சை இலையின் மேல் சூரிய ஒளி விழும்போது, சிவப்பு நிறத்தின் பெரும்பகுதியைப் பச்சையம் உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளிக்கு அங்கே வேலையில்லை. இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றுக்கு இடையிலான காற்றறைகளும் அதைச் சிதறடித்து, ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே இலை நிறைந்த இடம் சிவப்பில் இருண்டும் அகச்சிவப்பில் பளிச்சென்றும் இருக்கும். வெறும் மண்ணில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு என்டிவிஐ என்று பெயர். 1972இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்ட காலத்திலிருந்தே புழக்கத்தில் உள்ள கணக்கு இது.

கோதுமை வயலில் இந்தக் கணக்கு பெரிய தொல்லை தராது. பயிர் நிலத்தை மூடிவிடும், தெரிவதெல்லாம் பயிர்தான். திராட்சைத் தோட்டம் அப்படியல்ல. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே டிராக்டர் போகும் அளவுக்கு இடைவெளி. மேலிருந்து பார்த்தால் பத்தில் மூன்று பங்கு இலை, மீதி ஏழு பங்கு நிலம் என்பது சாதாரணம். இதன் விளைவு என்னவென்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் இலையும் மண்ணும் நிஜத்தில் காட்டும் அளவுகளை ஒட்டியவைதான்.

கொடியின் இலை சிவப்பில் 4 சதவீதமும் அகச்சிவப்பில் 45 சதவீதமும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். காய்ந்த மண் முறையே 22, 28 சதவீதம். தனியாக எடுத்தால் இலையின் என்டிவிஐ 0.84, மண்ணுடையது 0.12. இரண்டும் 30க்கு 70 என்ற விகிதத்தில் ஒரே பிக்சலுக்குள், அதாவது படத்தின் ஒரே சின்னக் கட்டத்துக்குள், விழுந்தால் கிடைப்பது 0.33. இப்போது அதே கொடிகள், அதே இலைகள், ஆனால் வரிசைகளுக்கு நடுவே மண்ணுக்குப் பதில் பசும்புல் மூடுபயிராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புல்லுக்குச் சிவப்பில் 6, அகச்சிவப்பில் 35 சதவீதம். பிக்சலின் என்டிவிஐ 0.75க்கு ஏறிவிடும்! கொடியில் ஓர் இலைகூடக் கூடவில்லை. எண் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

திராட்சைத் தோட்டத்தைத் தொலைவிலிருந்து படமெடுத்து அளக்கும் தொலையுணர்வைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். வசந்த காலத்தில் எடுத்த பச்சைப் படத்தைக் காட்டி 'தோட்டம் செழிப்பாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், நடுவில் உள்ள புல்லை உழுதாயிற்றா, அறுத்தாயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும். நாபாவில் மழை குளிர்காலத்தில்தான். கோடையில் சொட்டுநீர் விழும் இடம் தவிர வரிசை நடுவெல்லாம் காய்ந்து கிடக்கும். ஆகவே அங்கே கோடையின் பிற்பகுதியில் எடுத்த படத்தில் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் கொடியாகத்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் இந்த முறை நன்றாக எடுபட்டதற்கு வானிலையும் ஒரு காரணம்.

நிழலையும் மறக்கக் கூடாது. காலையில் எடுத்த படத்தில் இலைச்சுவரின் நிழல் நடுவெளியில் விழுந்து மண்ணைக் கருக்கும். வடக்கு தெற்காக ஓடும் வரிசையும் கிழக்கு மேற்காக ஓடும் வரிசையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நிழல் போடாது. அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைக் கொடியின் வித்தியாசம் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

திட்டின் உருவம்

சரி, கோடையின் நடுவில் எடுத்த நல்ல படம் கையில் இருக்கிறது. ஒரு தொகுதியில் வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறது. வேர்ப்பேன்தானா?

படம் பதில் சொல்லாது. அது சொல்வது 'இங்கே இலை குறைவு' என்பது மட்டும். வேர்ப்பேன் கடித்த புண்ணில் பூசணம் ஏறி வேர் அழுகினால், கொடிக்குத் தண்ணீரும் சத்தும் போகாமல் இலை குறையும். தரைக்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்திலேயே கெட்டிப்பட்ட களிமண் அடுக்கு குறுக்கிட்டு வேர் இறங்க முடியாமல் போனாலும் இலை குறையும். சொட்டுநீர்க் குழாயின் துளைகள் உப்பால் அடைத்துக்கொண்டாலும், வேரை நூற்புழு தாக்கினாலும், தழைச்சத்துப் போதாமல் போனாலும் முடிவு ஒன்றுதான். வானத்தில் இருக்கும் கேமராவுக்கு இவை எல்லாமே ஒரே வெளிறல்.

ஆனால் திட்டின் உருவத்தையும் அது இருக்கும் இடத்தையும் கவனித்தால் காரணத்தை நெருங்கலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆண்டுக்கு ஆண்டு வட்டமாக அகலும் திட்டு என்றால் வேர்ப்பேனைச் சந்தேகிக்கலாம், பூச்சி ஒரு வேரிலிருந்து பக்கத்து வேருக்கு ஊர்ந்து போவதால் அந்த உருவம். ஒரே ஒரு வரிசை மட்டும் கோடு கிழித்தது போல வெளிறியிருந்தால் குழாயைப் போய்ப் பார்க்க வேண்டும். எந்த நோயும் ஒரு வரிசையோடு நின்றுகொள்ளாது. ஓடைக்கரையை ஒட்டிய விளிம்பு மட்டும் வாடினால், நாபாவில் வேறொரு குற்றவாளி உண்டு: பியர்ஸ் நோய். ஓடைக்கரைச் செடிகளில் வாழும் தத்துப்பூச்சி ஒன்று அந்த நோயின் பாக்டீரியாவைக் கரையோரக் கொடிகளுக்குக் கொண்டுவருகிறது. எந்த ஆண்டு எடுத்தாலும் அதே இடத்தில், அதே உருவத்தில், அகலாமலும் சுருங்காமலும் நிற்கும் திட்டு என்றால் பெரும்பாலும் அது மண்.

அதனால் ஒரு படம் போதாது. குறைந்தது இரண்டு ஆண்டுகளின் படங்களை, அதுவும் ஒரே பருவத்தில் எடுத்தவற்றை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'அகல்கிறதா, நிற்கிறதா' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்குப் பிறகும் மண்வெட்டியோடு ஓர் ஆள் போய்த்தான் ஆக வேண்டும். செத்த கொடியின் அடியில் தோண்டிப் பயனில்லை. வேர் அழுகிப்போன கொடியை விட்டுப் பூச்சி உயிருள்ள வேரைத் தேடிப் போயிருக்கும். திட்டின் விளிம்பில், பார்வைக்கு நன்றாகவே நிற்கும் கொடியின் அடியில்தான் தோண்ட வேண்டும். அந்த விளிம்பு எங்கே ஓடுகிறது என்று படம் காட்டிக்கொடுக்கிறது. இது சின்ன உதவி இல்லை.

ஒரே தொகுதி, வேறு வேறு பழம்

வேர்ப்பேனுக்காக எடுத்த படங்களைப் புரட்டியபோது தோட்டக்காரர்கள் கண்ணில் இன்னொன்றும் பட்டது. நோயே இல்லாத தொகுதிகளும் உள்ளே ஒரே மாதிரி இல்லை. ஒரே நாளில் நட்டு, ஒரே வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி, ஒரே மாதிரி கவாத்து செய்து, ஒரே அளவு தண்ணீர் விட்ட தொகுதிக்குள்ளேயே ஒரு மூலை அடர்ந்தும் இன்னொரு மூலை மெலிந்தும் கிடந்தது. அனுபவசாலிகளுக்கு இது அரசல் புரசலாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் எல்லைக்கோடு இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட அதுவரை வழி இல்லை.

இதிலிருந்து பிறந்ததுதான் 'கிரஷ்' திட்டம். நாபாவின் தென்கோடியில், சான் பாப்லோ விரிகுடாவை ஒட்டி, கார்னெரோஸ் என்ற பகுதி இருக்கிறது. கடற்காற்றால் குளிர்ந்த இடம். மேலோட்டமான, களிமண் மிகுந்த நிலம். அங்கே சுமார் 3 ஹெக்டேர் பரப்பில் இருந்த, ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் திராட்சைத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1997இல் எடுத்த வானப்படத்தை வைத்து அதை இலையடர்த்திப்படி பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஆட்கள் இறங்கிக் கொடி எவ்வளவு தாகத்தில் இருக்கிறது என்பதையும் இலைப்பரப்பையும் பழத்தின் தன்மையையும் அளந்தார்கள். அப்புறம், அதுவரை ஒன்றாக அறுத்து ஒன்றாகப் பிழிந்துவந்த பழத்தைப் பகுதி பகுதியாக அறுத்து, தனித்தனியாக ஒயினாக்கினார்கள்.

பகுதிகளுக்கு இடையே கொடியிலும் பழத்திலும் ஒயினிலும் வித்தியாசம் இருந்தது. அந்தத் தொகுதியின் ஒரு பகுதிப் பழம், ஆலை தன் உயர்தர 'ரிசர்வ்' வரிசைக்கு ஏற்றது என்று சொல்லும் நிலையை எட்டியது. முன்பு அந்தப் பழம் மற்றதோடு கலந்து காணாமல் போயிருந்தது. தோட்டத்தில் புதிதாக எதையும் நடவில்லை, கூடுதலாக எந்த உரமும் போடவில்லை. அறுக்கும் முறை மட்டும்தான் மாறியது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. வேர்ப்பேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது வெளிறிய இடம் என்றால் ஆபத்து. அறுவடைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அதே வெளிறல் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். ஒயின் திராட்சைக்கு அளவுக்கு மீறிய செழிப்பு ஆகாது. இலை மண்டிப்போனால் கொத்துகளுக்கு வெயில் படாது, காற்று புகாது, சாம்பல்நோயும் அழுகலும் எளிதில் வரும். கொடி தளிர்விட்டுக்கொண்டே இருந்தால் பழம் முதிர்வது தள்ளிப்போகும். அளவான தாகத்தில் நிற்கும் கொடியில் பழம் சிறுத்து, தோலின் பங்கு கூடி, சாறு செறிவாகும். அதற்காக மெலிந்ததெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. இலை மிகவும் குறைந்தால் சர்க்கரை ஏறப் போதுமான ஒளிச்சேர்க்கை நடக்காது, பழம் வெயிலில் வெந்துவிடும். பச்சை அதிகமானால் நல்லது என்று வண்ணப்படத்தின் ஓரத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் பட்டையைப் போட்டுவிடுகிறார்களே, திராட்சையில் அந்தப் பட்டை ஆளைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போகும். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு என்று நடுநிலையான நிறங்களைப் போடுவதே மேல்.

மண்ணை வானத்திலிருந்து பார்க்க முடியுமா?

நேராகப் பார்ப்பதற்கு வழி மிகக் குறைவு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, நடுவெளியும் உழுது வெறுமையாகக் கிடக்கும்போது மேல்மண்ணின் நிறத்தைப் படிக்கலாம். ஈரமண்ணும் மட்கு மிகுந்த மண்ணும் இருண்டு தெரியும். 2,200 நானோமீட்டரை ஒட்டிய குறுஅலை அகச்சிவப்பில் களிமண் கனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதால் அதையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரேடார் செயற்கைக்கோள்கள் மேல்மண்ணின் ஈரத்தை உணரும், ஆனால் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். தோட்டம் முழுக்க நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களும் இழுத்துக் கட்டிய கம்பிகளும் ரேடார் அலையைத் தம் பங்குக்குத் திருப்பி அடித்துக் குழப்பும். திராட்சை வேரோ ஒரு மீட்டரைத் தாண்டிச் சாதாரணமாக இறங்கும். கொடி தண்ணீர் குடிக்கும் ஆழத்தை எந்தச் செயற்கைக்கோளும் நேரில் பார்ப்பதில்லை.

பின் எப்படி மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்? கொடியை வைத்துத்தான். ஒரே நிலத்தில் பத்து, இருபது ஆண்டுகளாக வேரோடி நிற்கும் கொடிக்குத் தன் அடியில் மண் எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதெல்லாம் தெரியும், அதை இலையாக மேலே எழுதிக் காட்டுகிறது. ஆண்டுப்பயிரைவிடத் திராட்சை இந்த விஷயத்தில் நம்பத்தக்க சாட்சி. ஆஸ்திரேலியாவில் அறுவடை இயந்திரத்தில் எடைக்கருவி பொருத்தித் தோட்டங்களின் விளைச்சலை இடத்துக்கு இடம் அளந்தபோது, ஒரே தொகுதிக்குள் எட்டு, பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதும், அந்த வித்தியாசத்தின் வரைபடம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் இருப்பதும் தெரியவந்தது. மொத்த விளைச்சல் ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு இறங்கும். ஆனால் கூடிய இடம் கூடியபடியும் குறைந்த இடம் குறைந்தபடியும்தான் இருக்கும். வானிலை ஆண்டுதோறும் மாறும். மாறாமல் இருப்பது மண்ணும் மேட்டுப்பள்ளமும்தான்.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு நல்ல கூட்டாளி இருக்கிறது, மண்ணின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி. மின்காந்தத் தூண்டலில் வேலை செய்வது. வண்டியில் வைத்து வரிசைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனால், ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழம்வரை உள்ள மண்ணின் மொத்தக் குணத்தை ஓர் எண்ணாகத் தரும். களிமண், ஈரம், உப்பு இவற்றில் எது கூடினாலும் எண் ஏறும், எது ஏறியது என்று அதுவும் பிரித்துச் சொல்லாது. கம்பிகளுக்கு மிக அருகே போனால் கெட்ட எண் வரும், நடுவெளியின் மையத்தில்தான் இழுக்க வேண்டும். இந்த வரைபடமும் வானப்படத்தின் வரைபடமும் ஒரே இடத்தில் கோடு போட்டால், அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் குழி வெட்டிப் பார்ப்பது வீண்போகாது. தொகுதி முழுக்க அடிக்கு ஒரு குழி வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தெந்த இடத்தில் என்று இரண்டு படங்களும் சேர்ந்து சொல்லிவிடும்.

எப்போது எடுப்பது, எவ்வளவு நெருங்கிப் பார்ப்பது

ஆஸ்திரேலிய அனுபவம் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. பழம் பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பும் பின்புமாக எடுத்த படம்தான் விளைச்சலோடும் பழத்தின் தன்மையோடும் நன்றாக ஒத்துப்போகிறது. அதற்கு முன்னால் தளிர்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், மெலிந்த கொடிக்கும் செழித்த கொடிக்கும் இடைவெளி முழுதாக விழுந்திருக்காது. ரொம்பத் தாமதித்தால் அடி இலைகள் பழுத்துக் கணக்கைக் கெடுக்கும்.

நெருக்கத்தைப் பொறுத்தவரை, கார்னெரோஸ் தொகுதியின் 3 ஹெக்டேரையே எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட்டில் அது வெறும் 33 பிக்சல். அதில் பாதிக்கு மேல் விளிம்பில் விழுந்து பாதையையும் பக்கத்துத் தோட்டத்தையும் கலந்துகொள்ளும். 2015 முதல் பறக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் பிக்சலில் 300 கிடைக்கும். 1999இல் ஏவப்பட்ட இகோனோஸ் செயற்கைக்கோளின் 4 மீட்டர் பிக்சலில் 1,875. இந்த இகோனோஸ் படங்களை வைத்துத்தான் நாபாவில் அடுத்த கட்டத்தை எடுத்து வைத்தார்கள். படத்தின் என்டிவிஐயைத் தரையில் அளந்த இலைப்பரப்போடு பொருத்தி, தொகுதி முழுவதற்கும் இலைப்பரப்பு வரைபடம் போட்டார்கள். இலைப்பரப்பு தெரிந்தால் கொடி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று மதிப்பிடலாம். மண்ணின் கொள்ளளவையும் வானிலையையும் சேர்த்தால் பாசனக் கணக்கே வந்துவிடும். வெளிறல், அடர்த்தி என்று பொதுவாகப் பேசுவதிலிருந்து, லிட்டர் கணக்குக்கு வந்துசேர்ந்த இடம் இது.

ட்ரோன் வந்த பிறகு பிக்சல் சில சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. கொடியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, நடுவெளிப் புல்லைக் கணக்கிலிருந்து தூக்கிவிடலாம். மேலே போட்ட 0.33, 0.75 சிக்கல் இதனால் பெருமளவு தீர்கிறது. ஆனால் நெருங்க நெருங்க ஒவ்வொரு இலையின் சாய்வும் நிழலும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து வேறு குழப்பம் சேரும். தொகுதியைப் பகுதிகளாகப் பிரிக்கும் வேலைக்கு மட்டும் என்றால், நடுவெளி காய்ந்த காலத்தில் எடுத்த 10 மீட்டர் இலவசப் படமே பெரும்பாலும் போதும் என்று நினைக்கிறேன். விளிம்புப் பிக்சல்களை ஒதுக்கிவிட்டும் மிச்சம் இருக்கும் அளவுக்குத் தொகுதி பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இலை உதிர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள

என்டிவிஐயில் ஒரு பெரிய குறை, அது தாமதமாகத்தான் பேசும். கொடி தாகத்தில் தவிக்க ஆரம்பித்த அன்றே இலை குறைந்துவிடாது. முதலில் இலைத்துளைகள் மூடும். நீராவி வெளியேறுவது குறையும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.45 மெகாஜூல் வெப்பம் தேவை, அந்தக் குளிர்ச்சி நின்றுபோனதும் இலை சூடாகும். ஆகவே வெப்பக் கேமராவுக்கு, இலை ஒன்றுகூட வாடாத நாளிலேயே செய்தி எட்டிவிடும்.

இதையும் கலிஃபோர்னியாவிலேயே விரிவாகச் சோதித்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவும் ஈ அண்ட் ஜே காலோ ஒயின் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து 2013இல் தொடங்கிய 'கிரேபெக்ஸ்' திட்டம், லோடை நகருக்கு அருகே பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை ரகத்தின் இரண்டு தோட்டங்களில் ஆரம்பித்தது. தோட்டத்துக்குள் கோபுரம் நட்டு, மேலே போகும் நீராவியை நேரடியாக அளந்தார்கள். அதே வேளையில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆளில்லா விமானமும் லேண்ட்சாட்டும் மேலிருந்து வெப்பத்தை அளந்தன. அங்கே வரிசைகளின் இடைவெளி 3.35 மீட்டர். வெயிலில் காயும் நடுவெளி மண் ஒரு வெப்பநிலையிலும் நிழலும் நீராவியுமாக இருக்கும் கொடி இன்னொரு வெப்பநிலையிலும் இருப்பதால், மண்ணையும் கொடியையும் இரண்டு தனி மூலங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரியைத் தோட்டத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது. காற்று வரிசையோடு வீசுகிறதா, குறுக்கே வீசுகிறதா என்பதுகூடக் கணக்கில் வருகிறது.

மேலே இவ்வளவு கருவிகள் இருந்தாலும், கொடியின் தாகத்துக்கு இறுதிச் சான்று இன்றும் கீழேதான். நடுப்பகலில் வெயில்பட்ட முதிர்ந்த இலை ஒன்றைப் பையால் மூடி, காம்போடு வெட்டி, அழுத்தக் கலனுக்குள் வைத்து இறுக்குவார்கள். காம்பின் வெட்டுமுனை மட்டும் மூடியின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நைட்ரஜனை மெல்ல ஏற்றிக்கொண்டே அந்த முனையை உருப்பெருக்கியில் உற்றுப் பார்க்க வேண்டும். உலர்ந்த வெட்டுமுகம் திடீரென்று ஈரம் மினுங்கி, ஒரு துளி சாறு கசியும். அந்தக் கணத்தில் முள் காட்டும் அழுத்தம்தான் இலை தண்ணீரைப் பிடித்திருந்த இறுக்கம். 10 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கசிந்தால் கொடி ஓரளவு சௌகரியமாக இருக்கிறது. 14, 15 பார்வரை ஏற்றியும் முனை உலர்ந்தே இருந்தால் நல்ல தாகம். வெட்டிய ஒரு நிமிடத்துக்குள் அளக்காவிட்டால் எண் கெட்டுவிடும். ஓர் ஆள் ஒரு நடுப்பகலில் சில பத்து இலைகளை அளப்பதே பெரிய பாடு. அந்தச் சில பத்தை எந்த வரிசைகளில் எடுப்பது என்று முடிவு செய்ய வெப்பப்படம் உதவுகிறது. அந்த வெப்பப்படத்தின் டிகிரிகளைத் தாகமாக மொழிபெயர்க்க இந்த இலைகள் உதவுகின்றன.

வெப்பத்தில் இன்னும் அவிழாத முடிச்சு நேரமும் நெருக்கமும்தான். லேண்ட்சாட் தலைக்கு மேல் வருவது காலை 10 மணிவாக்கில். கொடி உண்மையில் தவிப்பது பிற்பகல் 2, 3 மணிக்கு. தவிர, லேண்ட்சாட் 8இன் வெப்பப் பிக்சல் 100 மீட்டர். 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய ஈகோஸ்ட்ரெஸ் கருவி நாளின் வெவ்வேறு வேளைகளில் ஒரே இடத்தைப் பார்க்கிறது, பிற்பகல் வெப்பமும் அதனால் கிடைக்கிறது. ஆனால் அதன் பிக்சலும் 70 மீட்டர் அளவு. லோடைத் தோட்டத்தில் அதற்குள் 21 வரிசைகளும் அவற்றின் நடுவெளிகளும் அடங்கிவிடும். அந்த 21 வரிசைகளில் தாகமாக இருப்பது எது என்று இன்றைக்கும் ட்ரோனை ஏற்றியோ, பையும் அழுத்தக் கலனுமாக ஓர் ஆளை இறக்கியோதான் கேட்க வேண்டியிருக்கிறது.